முதலில் அசைந்தது காந்தமா, கட்டமைப்பா?

சௌமி கண்ணு,

அடுத்த மாதம் ஜெர்மனியில் உன் பெயர் எழுதிய கதவுக்குப் பின்னால் உனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் இருக்கப்போகிறது. இங்கே பெரியநாயக்கன்பாளையத்தில் அது தெரியாதவர் யாரும் பாக்கி இல்லை. நம் லேத் பட்டறைக்குப் பம்பு ஷாஃப்ட் எடுக்க வந்த ஒருவரை உங்கப்பா உட்காரவைத்து, டீ வரவழைத்து, "என்ற புள்ளையும் இரும்புலதானுங்க இருக்கறா. நான் கடையற இரும்பு, அவ குளிர வெக்கற இரும்பு. அவ்வளவுதானுங்க வித்தியாசம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் ஷாஃப்டை மறந்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். உங்கப்பாவுக்கு இருப்பது கலப்படமில்லாத சந்தோஷம். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அவருக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை.

எனக்கு உன்மேல் பொறாமை, அம்மணி. பெற்ற மகள்மேல் ஒரு தாய்க்குப் பொறாமை வருமா என்று படிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இதை உன் தனி முகவரிக்கு அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் பற்றி நீ சொன்னதை ஒரு சபையில், மைக் வைத்துச் சொன்னாய். நீ சொன்னது தவறு. அதைத் திருத்துவதையும் சபையிலேயே செய்துவிடுகிறேன். வீட்டுக்குள் முணுமுணுத்தால் அது மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஆகிவிடும். நம்முடையது அப்படிப்பட்ட சண்டை இல்லை. ஒரே பொருளைப் பற்றி இரண்டு இயற்பியல்காரிகளுக்கு நடந்த சண்டை.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இது தேவையில்லை. உன்னோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஜப்பானிலிருந்து ஒரு சேதி வந்தது. இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒரு சேர்மம், குளிர வைத்தால் மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆகிறதாம். நான் அப்போது கல்லூரியில் இருபது வருஷத்துப் பழைய குறிப்புகளை வைத்து அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தவள். இரும்பு என்றால் காந்தம், காந்தம் இருக்கும் இடத்தில் மீக்கடத்தல் வாழாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அந்தச் சேதியை ஸ்டாஃப் ரூமில் படித்த அன்றே பழைய குறிப்பில் அந்த வரியை அடித்தேன். அதே வருஷம் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். உங்கப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்த வயசுலயா?" ஆமாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

பேரியம், இரும்பு, ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த படிகம் ஒன்று உண்டு. சாதாரணச் சூட்டில் அதற்குள் இரும்பு அணுக்கள் கணக்கு நோட்டின் கட்டம்போலச் சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கும். நன்றாகக் குளிர வைத்தால், ஒரு குறிப்பிட்ட குளிரில் அந்தச் சதுரம் ஒரு பக்கம் கொஞ்சமாக நீண்டு செவ்வகமாகிவிடும். நூற்றில் ஒரு பங்குகூட வராத நீட்சி. கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேக்குத் தெரியும். ஏறத்தாழ அதே குளிரில் இன்னொன்றும் நடக்கும். ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அதுவரை தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்த அந்தக் காந்தங்கள் வரிசை கட்டி நிற்கும். ஒரு திசையில் பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் ஒரே பக்கம் பார்க்கும். குறுக்குத் திசையில் மாறி மாறிப் பார்க்கும். கோடு போட்ட சட்டைத் துணி மாதிரி. இதில் கொஞ்சம் கோபால்ட் சேர்த்தால் இரண்டு நிகழ்ச்சியும் விலகிப் போகும்: முதலில் சதுரம் நீளும், இன்னும் குளிர்ந்த பிறகுதான் காந்தங்கள் வரிசை கட்டும். இன்னும் கோபால்ட் சேர்த்துக்கொண்டே போனால் இரண்டும் மங்கிப்போய், அந்த இடத்தில் மீக்கடத்தல் தலைகாட்டும். அதனால்தான் உலகம் முழுவதும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். கட்டமைப்பு காந்தத்தை இழுக்கிறதா, காந்தம் கட்டமைப்பை இழுக்கிறதா? அது தெரிந்தால் மீக்கடத்தல் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு நூல்முனை கிடைக்கும்.

நான் வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நேரம் கேட்டு வாங்கி, விடுமுறைகளில் ரயில் ஏறிப் போய், படிகத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர வைத்து எக்ஸ்ரே எடுத்தேன். ஒற்றைச் சிகரமாக இருந்த கோடு, குளிரக் குளிர அகலமாகி, பிறகு நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்தது. சதுரம் செவ்வகமானதற்கு அதுதான் அடையாளம். அதைப் பார்த்ததும் ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன். நீ எடுத்தாய். "பிரிஞ்சிருச்சு கண்ணு, ரெண்டாப் பிரிஞ்சிருச்சு!" என்று கத்தினேன். நீ, "யாருங்கம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டாய்.

என் ஆய்வேட்டில் நான் சொன்ன முடிவு இது: கோபால்ட் சேர்த்த படிகத்தில் முதலில் மாறுவது கட்டமைப்பு, பிறகு வருவது காந்தம், ஆகவே கட்டமைப்புதான் தலைவன், காந்தம் அதன் பின்னால் போகிறது. ஒரு சிறிய பத்திரிகையில் அது கட்டுரையாகவும் வந்தது. என் பெயர் மட்டும் போட்டு, வேறு யாரும் இல்லாமல். பட்டம் வாங்கினேன், பதவி உயர்வு வந்தது, ஆய்வை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைக் கவனித்துக்கொள். விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைத்த விடையை வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

நீ இயற்பியல் எடுத்தபோது நான் பெருமைப்பட்டேன். நீ அதே இரும்பு ஆர்சனிக் படிகத்தை எடுத்தபோதும் பெருமைப்பட்டதாகத்தான் ஊரெல்லாம் சொன்னேன். ஆனால் யாரோ என் வீட்டுப் பீரோவைத் திறந்து என் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிற மாதிரி இருந்தது. அதுவும் அந்தப் புடவை என்னைவிட உனக்கு நன்றாக இருந்தது. நான் கனவிலும் கேட்டிராத நியூட்ரான் கற்றையை நீ ஷிப்ட் போட்டுப் பயன்படுத்தினாய். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்வதால், படிகத்துக்குள் மற்றக் காந்தங்கள் எப்படித் துடிக்கின்றன என்பதை அது போய்ப் பார்த்துவிட்டு வரும். என் எக்ஸ்ரேக்கு அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பது மட்டும்தான் தெரியும். நான் சுவரை அளந்துகொண்டிருந்தேன். நீ உள்ளே இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டாய்.

போதாதென்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு வேறு. போன தடவை நீ வந்திருந்தபோது காரமடைக் கோயிலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உங்கப்பா ஓட்டினார், நான் முன்னால், நீ பின்னால். வழியில் அந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. நீ அவருக்கு ஏதோ ஒரு வளைவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். அவர் பாதியில் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். வாய்விட்டு, தலையைச் சாய்த்து, மூச்சு வாங்கச் சிரித்தாய். ஒரு வரைபடத்தைப் பற்றி. என்னோடு நீ சிரித்ததெல்லாம் சித்தப்பாவின் விக்கைப் பற்றியும் எதிர்வீட்டு நாயைப் பற்றியும்தான். கோயிலில் ரங்கநாதர் முன்னால் கைகூப்பி நிற்கையில் உங்கப்பாவின் காதில் கேட்டேன்: "அந்தக் கைடம்மாளுக்கு என்ன வயசுங்க இருக்கும்?"

"உன்ற வயசுதான் இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"சாமி கும்புடு அம்மணி," என்றார்.

அடுத்த நாள்தான் என் பழைய கல்லூரியில் உன் உரை. நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த அரங்கத்துக்குள் போவது அதுதான் முதல் தடவை. புது ப்ரொஜெக்டர் போட்டிருந்தார்கள். மாணவிகள் கடைசி வரிசைவரை நிரம்பியிருந்தார்கள். என்னை முன்வரிசையில், பிரின்ஸ்பாலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நீ வெள்ளைச் சட்டையும் கருநீலப் பேண்ட்டுமாக ஏறி நின்றாய். அழகாக இருந்தாய். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ ஆரம்பித்ததே இப்படித்தான்: "எங்கம்மா இந்தக் காலேஜ்லதான் இருந்தாங்க. இதே பொருளை அவங்களும் ஆராய்ச்சி பண்ணுனாங்க. எனக்காக, குடும்பத்துக்காக அதை விட்டுப்போட்டாங்க. அவங்க விட்ட இடத்துல இருந்துதான் நான் தொடங்குனேன்." அரங்கமே கைதட்டியது. பிரின்ஸ்பால் என் கையைப் பிடித்து அழுத்தினார். இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் நாற்காலியில் எரிந்துகொண்டிருந்தேன். நான் எதையும் யாருக்காகவும் விடவில்லையே! நான் ஒரு முடிவுக்கு வந்தேன், அதைப் பெயர் போட்டு வெளியிட்டேன். அது சரியோ தவறோ, ஒரு விஞ்ஞானி சொன்ன சொல். ஒரே வாக்கியத்தில் நீ அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு தியாகி மாலையைக் கொடுத்தாய். தோற்றவளுக்காவது ஆட்டத்தில் இருந்த மரியாதை உண்டு. தியாகி ஆட்டத்துக்கே வராதவள்.

அதற்குப் பிறகு நீ படம் போட்டு விளக்கினாய். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி விளக்கினாய், அதிலும் எனக்குப் பொறாமைதான். வரிசை கட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் காந்தங்கள் சும்மா இருப்பதில்லை என்றாய். எந்தத் திசையில் ஒரே பக்கம் பார்ப்பது, எந்தத் திசையில் மாறிப் பார்ப்பது என்ற முடிவை, துடித்துக்கொண்டிருக்கும்போதே அவை எடுத்துவிடுகின்றன. யார் மேலே பார்ப்பது, யார் கீழே பார்ப்பது என்பது பிறகுதான் தீர்மானமாகிறது. திசை முடிவானதும் சதுரம் அந்தத் திசைக்கு ஏற்ப நீண்டுகொடுக்கிறது. குளிர வைக்கும்போது முதலில் தெரிவது கட்டமைப்பு மாற்றம்தான். ஆனால் அதைச் செய்ய வைப்பது இன்னும் வரிசைக்கே வராத காந்தம். நீ இதைச் சொல்லிவிட்டு, ஸ்லைடை மாற்றிக்கொண்டே சொன்னாய்: "முன்னாடி சிலர், கட்டமைப்புதான் காரணம், காந்தம் பின்னால வர்றதுன்னு நெனச்சாங்க."

சிலர். அந்தச் சிலரில் ஒருத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், சௌமி.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தது நான்தான். மைக்கை வாங்கினேன். "படிகத்தைக் குளிர வெச்சா உள்ள சில பகுதி இந்தப் பக்கம் நீளும், சில பகுதி அந்தப் பக்கம் நீளும். ரெண்டும் கலந்துபோனா எதையும் பிரிச்சுப் பாக்க முடியாது. அதனால ஒரு பக்கமா ஸ்க்ரூ வெச்சு அழுத்தித்தான் அளந்திருப்பீங்க. அப்படீன்னா அந்தத் திசையைத் தேர்ந்தெடுத்தது காந்தமா, உங்க ஸ்க்ரூவா?"

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நல்ல கேள்விங்க, மேடம். கட்டுரையோட இணைப்புல இருக்குதுங்க."

மேடம் என்றாய். நான் உட்காரவில்லை. "இணைப்பைப் படிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறேன். அதுல இருக்கறது ஒரே அழுத்தத்துல எடுத்தது. அழுத்தத்தைக் குறைச்சுக் குறைச்சு எடுத்தது எங்கீங்க?"

நீ தண்ணீர் பாட்டிலை எடுத்தாய், மூடியைத் திறக்கவில்லை, திரும்ப வைத்தாய். "அது இன்னும் எடுக்கலீங்க," என்றாய். அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். என் வயிற்றில் பிறந்தவள், நூறு பேர் முன்னால் பதில் இல்லாமல் நிற்கிறாள். எனக்கு உள்ளங்கால்வரை குளுகுளு என்றிருந்தது. "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிரின்ஸ்பால் இப்போது என் கையைப் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏதோ பாலம் வேலை, வண்டிகள் நகரவே இல்லை. உங்கப்பா ரேடியோவைப் போட்டார், நீ அணைக்கச் சொன்னாய். பிறகு பின்னாலிருந்து கேட்டாய்:

"என்னைத் தோக்கடிக்கோணும்னுதானுங்கம்மா கேட்டீங்க?"

"ஆமா," என்றேன்.

"ஆமாவா?"

"ஆமா. கேள்வியும் சரியான கேள்விதான். ரெண்டும் உண்மை."

"உங்களைப் பத்தி எவ்வளவு நல்லாச் சொன்னேன் அங்க!"

"நல்லாத்தான் சொன்னே. பொய்யாச் சொன்னே. நான் எதைடி விட்டேன் உனக்காக?"

உங்கப்பா ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, "ஒரே இரும்புக்கு ஏனுங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க? நம்ம பட்டறையில டன் கணக்குல கெடக்குது, ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்க," என்றார். நாம் இருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் நீ விமானம் ஏறினாய். வாசலில் காலில் விழுந்து கும்பிட்டாய், நானும் நெற்றியில் கைவைத்தேன். என் முகத்தை நீ பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நீ அப்பாவுக்குத்தான் போன் செய்தாய். அவர் ஒவ்வொரு தடவையும், "அம்மாகிட்டக் குடுக்கட்டுமா கண்ணு?" என்பார். "அப்பறம் பேசறேனுங்கப்பா," என்பாய். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு ஆய்வுக்கூடம் கிடைத்த சேதியும் அப்படித்தான் சுவர் தாண்டி வந்தது. அன்றைக்கு நான் உன் கட்டுரைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துப் படித்தேன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது கட்டுரையில் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. நான் அப்படி ஒரு வாக்கியம் எழுதியதே இல்லை என்று தோன்றியது. கட்டுரையை மூடிவைத்துவிட்டு அரிசி ஊறப்போட்டேன்.

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. நீ ஒரு வரைபடம் அனுப்பியிருந்தாய். அதோடு ஒரு வார்த்தைகூட இல்லை. நான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இந்தத் தடவை நீ ஸ்க்ரூ வைத்து அழுத்தவில்லை, படிகத்தை ஒட்டிப் பிடித்து இழுத்திருந்தாய். கீழ்க்கோட்டில் குளிர், நிற்கும் கோட்டில் ஒவ்வொரு அலகு இழுப்புக்கும் காந்தத் துடிப்பு இரண்டு திசைக்கும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பது. பெரிய இழுப்பு, சின்ன இழுப்பு, அதைவிடச் சின்ன இழுப்பு என்று தனித்தனி நிறத்தில் புள்ளிகள். எல்லா நிறப் புள்ளிகளும் ஒரே வளைவில் விழுந்திருந்தன. அந்த வளைவு, குளிரக் குளிர, கட்டமைப்பு மாறும் இடத்தை நெருங்க நெருங்க, மேலே மேலே ஏறியது. பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார். என் முகம் அப்படி ஆகியிருக்கிறது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஸ்க்ரூதான் காரணம் என்றால், அதே இழுப்புக்கு எந்தக் குளிரிலும் ஏறத்தாழ அதே பதில்தான் வந்திருக்க வேண்டும். நீ படிகத்தின் நீளத்தைக் கையில் பிடித்து வைத்திருக்கிறாய். அது தன் இஷ்டத்துக்கு மாற இடமே கொடுக்கவில்லை. அப்படியும் காந்தத்தின் பதில் மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. கட்டமைப்பு தலைவன் என்றால், அதைக் கட்டிப்போட்டதும் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. காந்தம் தன் பாட்டுக்குத் திசை தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் உனக்குப் போன் போட்டேன். நீ முதல் மணியிலேயே எடுத்தாய்.

"பசை வெச்சுத்தானே ஒட்டுனே? குளிர்றப்பப் பசையே சுருங்கி ஒரு இழுப்புக் குடுக்குமே, அதைக் கழிச்சியா?"

"கழிச்சாச்சுங்கம்மா. வேற பசை வெச்சும் எடுத்துப் பாத்துட்டேன்."

"வெப்பமானி படிகத்துமேலயே இருந்துச்சா, இல்ல தாங்கிமேலயா?"

"படிகத்துக்கு ஒட்டுனாப்லயே இருந்துச்சுங்க."

"சூடேத்தறப்பவும் குளிர வெக்கறப்பவும் ஒரே மாதிரி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

வேறு கேள்வி தேடினேன். கிடைக்கவில்லை. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார், ஒரு நிமிஷம் என்று கைகாட்டினேன். "சரி கண்ணு," என்றேன். "அப்ப நான் சொன்னது தப்பு."

நீ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "அன்னிக்கு நீங்க கேக்காம இருந்திருந்தா இதை நான் எடுத்தே இருக்க மாட்டேனுங்கம்மா. உங்க மேல இருந்த கோவத்துலதான் எடுத்தேன்," என்றாய்.

"உன் கைடு என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு இன்னும் காட்டலீங்க."

அந்த மூன்று சொல்லுக்கு எனக்கு வந்த சந்தோஷம், அன்றைக்கு அரங்கத்தில் வந்ததைவிடப் பெரியது, அற்பத்தனத்திலும் அதற்குக் கொஞ்சமும் குறையாதது. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். பல்லைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், தனியாகத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆனாலும் பொறாமை போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வந்து அந்த வளைவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்த்த சிகரம் பிரிந்தபோது அதற்குள் இதெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதன் வாசலில் நின்று, கதவு அசைந்ததை மட்டும் பார்த்துவிட்டு, கதவுதான் தன்னால் திறந்தது என்று எழுதியிருக்கிறேன். இன்னும் ஒரு படி உள்ளே போயிருக்கலாம். நீ போனாய். உன் கருவி நல்லது, உன் காலம் நல்லது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதே கருவி உன்கூடப் படித்த பலருக்கும் கிடைத்தது, அவர்கள் இந்த வளைவை எடுக்கவில்லை.

இனி உன்னிடம் கேட்பது. இந்த வளைவை வைத்து எழுதும் கட்டுரையின் வரைவை நீ அனுப்பினாய், கடைசியில் 'என் தாயாரின் அன்புக்கும் ஆதரவுக்கும் நன்றி' என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. என் அன்பு உனக்கு எப்போதும் இருக்கிறது, அதற்கு இயற்பியல் பத்திரிகையில் ரசீது வேண்டாம். அதற்குப் பதிலாக இரண்டு இடத்தில் என் பெயரைப் போடு. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அளக்கச் சொன்ன இடத்தில் ஒன்று. 'சிலர்' என்று நீ சொன்ன இடத்தில் மற்றொன்று. கட்டமைப்புதான் காரணம் என்று இன்னார் எழுதினார், அது சரியில்லை என்று இதோ காட்டுகிறோம் என்று, என் பழைய கட்டுரையைக் குறிப்பிட்டு, முழுப் பெயரோடு எழுது. தப்புச் சொன்னவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். மறக்கப்பட்டவளாக இருக்க எனக்கு மனசில்லை.

உனக்கும் மாணவர்கள் வரப்போகிறார்கள். அதனால் ஒன்றைச் சொல்கிறேன், கேட்டால் கேள். ஒருநாள் உன்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி நீ எழுதியதைத் தப்பு என்று காட்டும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். உனக்கு முதலில் வருவது பெருமையாக இருக்காது. பெருமை வந்ததாக நடிக்காதே. பசையைப் பற்றிக் கேள், வெப்பமானியைப் பற்றிக் கேள், உனக்குத் தெரிந்த அத்தனை கேள்வியையும் ஈவு இரக்கம் இல்லாமல் கேள். உன் பொறாமை அவளுக்கு உதவட்டும். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டால், நீ தப்பு என்று அவள் காதுபடச் சொல்லிவிடு. அதை அவளிடமே சொல், மற்றவர்களிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம். இதைத் தவிர உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் மிச்சம் இல்லை, இதையும் நான் போன வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

"அங்க வந்து ஒரு மாசம் இருங்கம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாய். உங்கப்பா அதற்குள் பருப்புப்பொடி, நாட்டுச்சர்க்கரை, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை என்று சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அதையெல்லாம் அவர் தூக்கிக்கொண்டு வரட்டும், அவரே சமைத்தும் போடட்டும். எனக்கு உன் கற்றையில் ஒரு ஷிப்ட் வேண்டும். பக்கத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கிற ஷிப்ட் இல்லை, நான் படிகத்தை வைத்து நான் அளக்கிற ஷிப்ட். உன் கைடையும் கூப்பிடு, அந்தம்மாளை ஒருதரம் நேரில் பார்க்கவேண்டும். எதற்கென்று கேட்காதே.

வருவதற்கு முன்னால் நீ ஒன்றுக்குப் பதில் தயாராக வைத்திரு. இரும்பும் செலினியமும் மட்டும் சேர்ந்த படிகம் இருக்கிறதே, அதைக் குளிர வைத்தால் இதேபோலச் சதுரம் நீண்டு செவ்வகமாகிறது. ஆனால் எவ்வளவு குளிர வைத்தாலும், வெளியிலிருந்து அழுத்தாதவரை, அதில் காந்தங்கள் வரிசைக்கே வருவதில்லை. உன் காந்தம்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்றால், அங்கே சதுரத்தைப் பிடித்து இழுத்தது யார்? துடிப்பு மட்டும் போதும் என்பாய், தெரியும். அது எனக்குப் போதாது. அளந்து காட்டு. இல்லையென்றால் நான் அளந்து காட்டுகிறேன்.

வாரேன் கண்ணு.

அம்மா